கும்பகோணம் பக்கத்து சமுதாயக் கல்லூரி அட்மிஷன்: எங்க ஊர்லேருந்து அஞ்சு பேர கூட்டிட்டுப் போன அனுபவம்

நான் வலங்கைமான் பக்கத்துல ஒரு கிராமம், மகளிர் குழுவுல ஊக்குநரா இருக்கேன். இந்த ஜூன்ல எங்க ஊர்லேருந்து அஞ்சு பேர கும்பகோணம் பக்கத்துல இருக்குற ஒரு சமுதாயக் கல்லூரியில சேத்துவிடக் கூட்டிட்டுப் போனேன். நாலு பேரு சேந்துட்டாங்க, ஒருத்தனுக்கு மட்டும் இன்னும் இழுத்துக்கிட்டு இருக்கு. காலேஜ் பேரு இதுல போடல, குறையும் சொல்லப் போறேன், அதுவும் இல்லாம நான் சொல்ற விஷயத்துல பாதி நீங்க எந்த சமுதாயக் கல்லூரிக்குப் போனாலும் உங்களுக்கு வரும், அதனால படிச்சிட்டு பேப்பர எடுத்து வச்சுட்டுக் கிளம்புங்க.

மொதல்ல ஒண்ணு. கம்யூனிட்டி காலேஜுன்னு சொன்ன ஒடனே எங்க மாமியார் கேட்டது "எந்த சாதிக்காரங்க காலேஜும்மா அது, நம்மள சேப்பாங்களா?" அவங்க மட்டும் இல்ல, ஊர்ல நாலஞ்சு பேரு இதேதான் கேட்டாங்க, ஏன்னா நமக்கு கம்யூனிட்டின்னா கம்யூனிட்டி சர்டிபிகேட்டுதான் ஞாபகம் வருது. இது அது இல்லங்க. சமுதாயம்னா இங்க ஊரு மக்கள், சுத்துவட்டாரம்னு அர்த்தம். படிப்ப பாதியில விட்டவங்க, கல்யாணம் ஆனவங்க, வயசானவங்க எல்லாரும் பக்கத்துலயே வந்து ஒரு கைத்தொழில் படிப்பு படிக்கட்டும்னுதான் இந்த ஏற்பாடு. அமெரிக்காவுல 1901லயே ஜோலியட்னு ஒரு ஊர்ல ஆரம்பிச்சதாம், நம்ம நாட்டுல மொதல்ல ஆரம்பிச்சது பாண்டிச்சேரி பல்கலைக்கழகம், 1995ல, அடுத்த வருஷமே சென்னையில ஒண்ணு வந்துருச்சு. அப்ப இது நம்ம பக்கத்து சங்கதிதான், ஆனா டெல்டாவுல கேட்டா பாதிப் பேருக்குத் தெரியல, அதுதான் வருத்தமா இருக்கு.

இன்னொரு கொழப்பம் என்னன்னா சமுதாயக் கல்லூரின்னு போர்டு இருந்தா எல்லாத்துலயும் ஒரே ரூல் கெடயாது. ஆர்ட்ஸ் காலேஜுக்குள்ளயே யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) திட்டத்துல நடத்துறாங்கள்ல, அதுக்கு பிளஸ் டூ பாஸ் வேணும். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002ல வந்துச்சு, அவங்க அங்கீகாரம் குடுத்து தொண்டு நிறுவனங்க, டிரஸ்ட்டுங்க நடத்துற சமுதாயக் கல்லூரிங்க தனி ரகம், அதுல கோர்ஸப் பொறுத்து தகுதி மாறும். நாங்க போனது ரெண்டாவது ரகம். இங்க தையலுக்கு எட்டாவது போதும், ஹெல்த் அசிஸ்டன்ட், டிடிபி (கம்ப்யூட்டர்ல டைப் அடிச்சு பக்கம் அமைக்கிற படிப்பு), ஏசி மெக்கானிக்குக்கு பத்தாவது பாஸ் கேட்டாங்க. மார்க்கு எவ்வளவுன்னு கேக்கவே இல்ல. வயசு உச்சவரம்பும் இல்ல. நுழைவுத் தேர்வு கெடயாது. கேக்க நல்லா இருக்குல்ல? ஆனா நெசமான நுழைவுத் தேர்வு பேப்பர்லதான் இருக்கு, அதத்தான் வெலாவாரியா சொல்லப் போறேன்.

எங்க அஞ்சு பேரு யாருன்னா: என் தங்கச்சி, 29 வயசு, பத்தாவதோட நின்னவ, ரெண்டு புள்ள. எதிர்வீட்டு சித்தி, 46 வயசு, எட்டாவது. என் அண்ணன் மவன், ஒரு தனியார் பாலிடெக்னிக்ல சேந்து முத வருஷத்துலயே விட்டுட்டு வந்தவன். தலைஞாயிறு பக்கத்துலேருந்து எங்க ஊருக்கு வாக்கப்பட்டு வந்த பொண்ணு ஒண்ணு. அப்புறம் தெருக்கோடி வீட்டுத் தம்பி, ஒரு காலு போலியோவால சூம்பி இருக்கும், பிளஸ் டூவுல ரெண்டு பாடம் போயிடுச்சு.

காலையில டவுன் பஸ்ல போயிட்டோம், பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்லாததால செலவு கம்மி. அன்னைக்கு ஒரு நாள் நடவு கூலி போச்சுன்னு சித்திக்கு மனசே இல்ல, மேட்டூர் தொறந்து குறுவை நடவு ஆரம்பிக்கிற நேரம் பாத்துதான் அட்மிஷனும் நடக்குது. இத காலேஜ்காரங்க யோசிச்சா தேவல. ஜூன் மாசம் டெல்டாவுல ஒரு நாள் வெளிய போறதுன்னா சும்மா இல்ல, கூலியும் போவும், ஆள் தொணையும் கெடைக்காது. அங்க அட்மிஷன் பாக்குற மேடத்துகிட்ட இத சொன்னதும் நடவுக்குப் போறவங்க சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல வந்தாலும் பாக்குறேன்னு சொன்னாங்க, சொன்னபடியே மறுவாரம் ஒரு கூட்டத்துக்கு ஆறு மணி வரைக்கும் இருந்து பாத்தாங்க. ஆனா இது நோட்டீஸ்ல இல்ல, கேட்டாதான் தெரியுது.

நோட்டீஸுன்னு சொன்னதும் ஞாபகம் வருது, போர்டுல ஒட்டியிருந்தது அத்தனையும் இங்கிலீஷ்ல. எட்டாவது படிச்சவங்க வர்ற எடத்துல ஏன் இங்கிலீஷ்ல ஒட்டணும்? விளக்கக் கையேட்டுலயும் "ஒரிஜினல் சர்டிபிகேட் கட்டாயம்"னு கொட்டையா போட்டுட்டு, இல்லன்னா என்ன செய்யணும்னு ஒரு வரி கூட இல்ல. எங்களுக்கு முன்னாடி நின்ன ஒரு அம்மா அத யாரோ படிச்சுச் சொன்னதக் கேட்டுட்டு உள்ளயே போகாம திரும்பிப் போயிட்டாங்க. நான் ஓடிப்போய்க் கூப்புடுறதுக்குள்ள பஸ் ஏறிட்டாங்க, அது இன்னைக்கு வரைக்கும் மனசுல உறுத்துது. உள்ள போயிருந்தா வேலை முடிஞ்சிருக்கும்.

ஏன்னா உள்ள நடந்தது வேற. அட்மிஷன் பாக்குற மேடம் ஒவ்வொருத்தர் பேப்பரையும் தனித்தனியா பிரிச்சு வச்சு "ஒங்க கத என்னம்மா, எப்ப நின்னீங்க, ஏன் நின்னீங்க"ன்னு கேட்டாங்க. பேப்பர் இல்லன்னு யாரையும் வெரட்டல. இருக்குறத வச்சு தற்காலிகமா சேத்துக்கிட்டு, இல்லாதத செப்டம்பர் கடைசிக்குள்ள குடுங்கன்னு ஒரு துண்டுச்சீட்டுல தமிழ்ல எழுதிக் குடுத்தாங்க, எந்த ஆபீசுக்குப் போகணும், யாரப் பாக்கணும்னு. நான் மதிப்பெண் போடுறதுன்னா அந்தத் துண்டுச்சீட்டுக்குத்தான் போடுவேன்.

தங்கச்சி விஷயம் பேரு, இனிஷியல், பொறந்த தேதி. இது நம்ம ஊர்ல பாதிப் பொம்பளைங்களுக்கு இருக்குற பிரச்சன. மார்க் ஷீட்ல அப்பா இனிஷியல், ஆதார்ல கல்யாணத்துக்கு அப்புறம் மாத்துனதுல வீட்டுக்காரர் பேரு, பொறந்த தேதி ஆதார்ல ஜனவரி ஒண்ணுன்னு யாரோ போட்டு வச்சது. ஜெராக்ஸ் கடைக்காரரு இத பாத்துட்டு கோர்ட்டு அபிடவிட் வேணும், சாதிச் சான்றிதழ் பழைய அட்டை செல்லாதுன்னு பயமுறுத்திட்டாரு. மேடம் சொன்னது, பத்தாவது மார்க் ஷீட்டுல இருக்குற பேரும் தேதியும்தான் எங்களுக்கு அடிப்படை, அதுபடியே பதியறோம், ஆதார அதுக்கு ஏத்தமாதிரி நீங்க திருத்திக்கிட்டு வாங்க, பொறந்த தேதிய ஒரு தடவதான் மாத்த விடுவாங்க அதனால மார்க் ஷீட்ட கையில வச்சுக்கிட்டு சரியா குடுங்கன்னு. பழைய சாதிச் சான்றிதழ் அட்டையையும் வாங்கிக்கிட்டாங்க, அது ஒரு தடவ வாங்குனா நிரந்தரம்தான். கல்யாணம் ஆனவங்க ஒண்ணு கவனிங்க, சாதிச் சான்றிதழ் அப்பா பேர்ல இருக்கணும், வீட்டுக்காரர் பேர்ல கேட்டுக்கிட்டு இ-சேவை மையத்துல போய் நிக்காதீங்க. இ-சேவையில ஒரு சான்றிதழுக்கு அரசு வச்ச கட்டணம் 60 ரூபா, அதுக்கு மேல கேட்டா ரசீது கேளுங்க.

சித்திக்கு எட்டாவது படிச்சதுக்கு ஒரு துண்டுப் பேப்பர் கெடயாது. படிச்ச பள்ளிக்கூடத்துக்குப் போங்கன்னு சீட்டு எழுதிக் குடுத்தாங்க. மறுநாளே போனோம், ஹெச்.எம். சார் நல்ல மனுஷன், பீரோவத் தொறந்து பழைய சேர்க்கைப் பதிவேட்ட எடுத்து ஒவ்வொரு பக்கமா தேடுனாரு, முக்கா மணி நேரம் ஆச்சு. கடைசியில சித்தி பேரு இருந்துச்சு, பக்கத்துல அவங்க அப்பா கைநாட்டு. செத்துப் பதினெட்டு வருஷம் ஆச்சு அவரு. சித்தி அந்த கைநாட்டு மேல வெரல வச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. சார் அதப் பாத்து எட்டாவது படிச்சதுக்கான பதிவுத்தாள் எழுதிக் குடுத்துட்டாரு, அத வச்சு தையல்ல சேத்தாச்சு. பழைய பள்ளிக்கூடம், எல்லாம் போயிருக்கும்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க, பதிவேடு பெரும்பாலும் இருக்கும்.

தலைஞாயிறு பொண்ணுக்கு கஜாவுல எல்லாம் போச்சு. 2018 நவம்பர் 16 விடியறதுக்கு முன்னாடி வேதாரண்யம் பக்கத்துல கர கடந்த புயல், நம்ம பக்கம் தென்னைய சாச்சதத்தான் எல்லாரும் பேசுறோம், வீட்டுக் கூரையோட டிரங்குப் பெட்டியும் போனதப் பத்தி யாரும் பேசுறதில்ல. அந்தப் பெட்டிக்குள்ளதான் மார்க் ஷீட்டு, டிசி, சாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டு எல்லாம். இந்தப் பொண்ணு ஏழு வருஷமா எங்கயும் சேராம இருந்தது இந்த ஒரு காரணத்துக்காகத்தான்னு அன்னைக்குத்தான் எனக்கே தெரிஞ்சுது. மார்க் ஷீட்டு போனா இரண்டாம்படி வாங்கலாங்க. தொலஞ்சு போச்சுன்னு போலீஸ் ஸ்டேஷன்ல எழுதி வாங்கிட்டு, படிச்ச பள்ளிக்கூடத்து ஹெச்.எம். கிட்ட குடுத்து தேர்வுத்துறைக்கு விண்ணப்பம் அனுப்பணும், பதிவெண்ணும் எழுதுன வருஷமும் தெரிஞ்சா வேலை சுலபம். மேடம் அந்தப் பொண்ணோட பள்ளிக்கூடத்துக்கு அவங்க போன்லேருந்தே பேசி, படிச்சது உண்மைன்னு ஒரு கடிதம் வாங்கி அதுமேல டிடிபியில சேத்துக்கிட்டாங்க. எந்த ரூல் புக்கும் அத செய்யச் சொல்லல, அவங்களா செஞ்சது.

கால் சரியில்லாத தம்பிக்கு ரெண்டு விஷயம். நல்லது மொதல்ல. பிளஸ் டூ பெயிலுன்னு தலைய குனிஞ்சுக்கிட்டு நின்னான், "பத்தாவது பாஸ்தானே தம்பி, இதுக்கு அதுதான் தகுதி, பிளஸ் டூ ரெண்டு பாடத்த துணைத்தேர்வுல எழுது, இங்க கிளாஸுக்கும் வா, ஹால் டிக்கெட்ட காமி, அந்த நாளு லீவு போட்டுக்கலாம்"னாங்க. பரீட்சைய விட்டுட்டு வான்னு சொல்லாம எழுதுன்னு சொன்னாங்க பாருங்க, அது பெரிய விஷயம். குறை என்னன்னா ஆபீஸு மாடியில, சாய்தளம் கெடயாது, கைப்பிடியும் ஒரு பக்கம்தான். தம்பி கீழயே உக்காந்துட்டான். மேடம் எறங்கி வந்து ஜெராக்ஸ் கடை பெஞ்சுல உக்காந்து அவன் பேப்பர பாத்தாங்க, ஆனா தினம் கிளாஸுக்கும் அவங்க எறங்கி வர முடியுமா? டிடிபி லேபும் மாடியிலதான் இருந்துச்சு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016லயே வந்துருச்சு, கட்டடத்துல போக வர வசதி இருக்கணும்னு அதுல இருக்கு, அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனத்துல நூத்துக்கு அஞ்சு எடமும் ஒதுக்கணும். இங்க அந்த அஞ்சு சதவீதம் கட்டாயமா இல்லையான்னு விவாதம் வேண்டாம், படி ஏற முடியாத புள்ளைக்கு கீழ ஒரு ரூம் குடுங்கன்னு எழுதிக் குடுத்தேன். நாலு கம்ப்யூட்டர கீழ எறக்குறோம்னு சொல்லி ரெண்ட எறக்கிட்டாங்க. சாய்தளம் இன்னும் போடல. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, யூடிஐடி (நாடு முழுக்க செல்லுற மாற்றுத்திறனாளி அட்டை) ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க, பீஸ்ல சலுகை குடுத்தாங்க.

வரிசையில ஒரு நரிக்குறவர் வீட்டுப் பொண்ணு நின்னுச்சு, பதினெட்டு வயசு இருக்கும், கூட அவங்க அம்மா. எங்க அஞ்சு பேர்ல சேராது, ஆனா சொல்லியாகணும். அவங்க சமூகத்த பழங்குடி பட்டியல்ல சேத்து 2023 ஜனவரியில சட்டம் வந்துருச்சு. ஆனா அந்தப் பொண்ணு கையில இருந்தது பழைய மிகவும் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ். அத வச்சே சேத்துட்டா எதிர்காலத்துல உதவித்தொகை எல்லாம் அந்தப் பழைய பிரிவுலயே போயிடும். பிற்படுத்தப்பட்டவங்களுக்கு துணை தாசில்தாரு, பட்டியல் சாதிக்கு தாசில்தாரு, பழங்குடிக்கு கோட்டாட்சியர், இதுதான் சான்றிதழ் குடுக்குற வரிசை, அதனால எஸ்டிக்கு நாளாகும், நேர்ல விசாரணையும் வரும். பேப்பர் வந்து சேரும் வரைக்கும் பிரிவு போடாம கட்டத்த பென்சில்ல வச்சிருக்கேன்னு மேடம் சொல்லி சேத்துக்கிட்டாங்க. அந்த அம்மா ஊசி பாசி விக்கிற பையோடயே வந்து மூணு மணி நேரம் நின்னாங்க. உக்காருங்கம்மான்னு நாற்காலி போட்டது அந்த மேடம்தான், எங்க வரிசையில இருந்த நாங்க யாரும் எந்திரிச்சு எடம் குடுக்கல. அது தப்பு, என்னையும் சேத்துத்தான் சொல்றேன்.

இப்ப அண்ணன் மவன். அவன் படிச்ச தனியார் பாலிடெக்னிக்ல பத்தாவது ஒரிஜினல், டிசி எல்லாத்தையும் புடிச்சு வச்சுக்கிட்டு மூணு வருஷ பீஸையும் கட்டுனாத்தான் தருவேன்னுட்டாங்க. அண்ணன் கடன் வாங்கப் போறேன்னாரு. அங்கயும் மேடம்தான் தடுத்தாங்க. ஒரிஜினல் சர்டிபிகேட்ட காலேஜ் வச்சுக்கக் கூடாதுன்னு யூஜிசி 2018லயே அறிவிப்பு போட்டுருக்கு, பாலிடெக்னிக்குங்க ஏஐசிடிஇ (அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு) கீழ வரும், அவங்களும் அதேதான் சொல்றாங்க, எழுத்துல மனு குடுங்க, பதிவுத் தபால்ல அனுப்புங்க, நகல் வச்சுக்கங்கன்னாங்க. அப்புடியே செஞ்சோம். மூணு வாரத்துல சர்டிபிகேட் கைக்கு வந்துருச்சு, படிக்காத மீதி ரெண்டு வருஷ பீஸு கட்டல. ஆனா அதுக்குள்ள ஏசி மெக்கானிக் எடம் ரொம்பிருச்சு, டிசி இல்லாம அவன மட்டும் தற்காலிகமா சேக்க மாட்டேன்னுட்டாங்க, ஏன்னா வேற எடத்துல இன்னும் பேரு இருந்துச்சாம். காரணம் புரியுது, ஆனா வருத்தம்தான். ஜனவரியில சேக்குற அடுத்த பேட்ச்சுல பாக்கலாம்னு சொல்லியிருக்காங்க.

இனிமே சொல்றதுதான் முக்கியமான குறை, பீஸு கட்டுறதுக்கு முன்னாடி படிங்க. இந்தக் கோர்ஸு எதுக்கு சமம், எதுக்கு சமம் இல்லன்னு அவங்களா சொல்லல, நான் துருவித் துருவி கேட்டப்பறம்தான் வந்துச்சு. ஹெல்த் அசிஸ்டன்ட் டிப்ளமோ நர்சிங் கெடயாது. நர்சுன்னா ஏஎன்எம், ஜிஎன்எம், பிஎஸ்சி நர்சிங் முடிச்சு நர்சிங் கவுன்சில்ல பதிஞ்சாதான் நர்சு. தங்கச்சி ஒரு வருஷத்துல நர்சாயிடுவோம்னு நெனச்சுக்கிட்டு வந்துருந்தா, அவளோட படிக்கிற நாலு பேரும் அப்புடித்தான். வீட்டுல முடியாதவங்கள பாத்துக்குற வேலை, கிளினிக்குல ஒத்தாசை வேலை, இதுக்குத்தான் இந்தப் படிப்பு, அதுக்கு நல்ல படிப்பு, அத அப்புடியே சொல்லி சேத்துருக்கலாம்ல?

அடுத்தது, பத்தாவதுக்கு அப்புறம் இந்த ஒரு வருஷ டிப்ளமோ முடிச்சா அது பிளஸ் டூவுக்கு சமம் ஆகாது. தமிழ்நாட்டு அரசு வேலைக்கு பத்தாவது, பிளஸ் டூ, அப்புறம் டிகிரின்னு வரிசையா கேப்பாங்க, நடுவுல ஒண்ணத் தாண்டிட்டு திறந்தநிலையில டிகிரி வாங்குனா பின்னாடி மாட்டிக்குவீங்க. பதினாறு, பதினேழு வயசுப் புள்ளைங்களா இருந்தா நான் இங்க வராதீங்கன்னுதான் சொல்வேன், அரசு ஐடிஐ பாருங்க, எட்டாவதுக்கும் பத்தாவதுக்கும் தனித்தனி டிரேடு இருக்கு, மாசம் 750 ரூபா குடுக்குறாங்க, பத்தாவதுக்கு அப்புறம் ரெண்டு வருஷ ஐடிஐ முடிச்சு மொழிப் பாடத்த மட்டும் எழுதுனா பிளஸ் டூவுக்கு சமமாயிடும். பாலிடெக்னிக் டிப்ளமோன்னா நேரா இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷம் போகலாம்.

புதுமைப் பெண் ஆயிரம் ரூபா கெடைக்குமான்னு நெறைய பேரு கேட்டாங்க. அது மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பேர்ல உள்ள திட்டம், மூவலூர் நம்ம மயிலாடுதுறை பக்கம்தான், 2022 செப்டம்பர்ல ஆரம்பிச்சாங்க, பசங்களுக்கு தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட்ல வந்துச்சு. அரசுப் பள்ளியில படிச்சிட்டு டிகிரி, டிப்ளமோ, ஐடிஐ நேர்ல போய் படிக்கிறவங்களுக்கு வரும், தொலைதூரப் படிப்புக்கு வராது. எங்க கோர்ஸுக்கு வராதுன்னு ஆபீஸ்ல தெளிவா சொல்லிட்டாங்க, ஆனா வாசல்ல நின்ன ஏஜென்ட் ஒருத்தரு வரும்னு சொல்லி ஆள் புடிச்சிட்டு இருந்தாரு. இத காலேஜு கவனிக்கணும்.

பீஸு தையலுக்கு 4,500, ஹெல்த் அசிஸ்டன்ட்டுக்கு 9,000, மூணு தவணை. ரசீது ஒழுங்கா குடுக்குறாங்க. கிளாஸு காலையில பத்துலேருந்து ஒன்றரை, புள்ளைய பள்ளிக்கூடத்துல விட்டுட்டு வந்துட்டு திரும்ப அழைக்கப் போறதுக்கு சரியா இருக்குன்னு தங்கச்சி சொல்றா. தையல் டீச்சர் நல்லா சொல்லித் தர்றாங்களாம், சித்தி ஏற்கனவே பிளவுஸ் வெட்டக் கத்துக்கிட்டாங்க, போன வாரம் எனக்கு ஒண்ணு தச்சுக் குடுத்தாங்க, கைப்புடி கொஞ்சம் புடிக்குது, பரவாயில்ல போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.

அஞ்சுக்கு நாலு குடுப்பேன். அந்த மேடம் இல்லன்னா ரெண்டுதான். அதுதான் எனக்குக் கவலையும், அவங்க மாறிப் போயிட்டா அந்தத் துண்டுச்சீட்ட யாரு எழுதிக் குடுப்பா? அவங்க வாயால சொல்றத எல்லாம் தமிழ்ல அடிச்சு வாசல்ல ஒட்டுங்கன்னு கேட்டுருக்கேன், வேணும்னா நானே எழுதித் தர்றேன்னும் சொல்லிட்டேன். ரெண்டாவது தவணை கட்ட அக்டோபர்ல போகணும், அப்ப நோட்டீஸ மாத்துனாங்களா, சாய்தளம் போட்டாங்களான்னு பாத்துட்டு வந்து இதுக்குக் கீழயே எழுதுறேன்.